மூளைப் பயிற்சி: காசு கட்டுமுன் கேளுங்கள்

கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்தவர் என் அப்பா. ஏற்றுக்கூலி போக என்ன மிஞ்சும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். பாக்கின்சன் நோய் வந்தபின், கை நடுக்கத்தைவிட எங்களைக் கலங்கடித்தது அந்தக் கணக்குத் தடுமாறியதுதான். ரொறன்ரோவிலிருந்து தம்பி ஒரு டெப், அதாவது தொடுதிரைக் கணினி, அனுப்பினான். "அக்கா, இதில மூளைக்குப் பயிற்சி இருக்கு, அப்பாவைச் செய்யவையுங்கோ" என்றான்.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் விவரித்த நோய் இது. மூளையில் டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடை தளர்கிறது, உடல் விறைக்கிறது. பலருக்குக் கவனமும் திட்டமிடும் திறனும் குறைகின்றன. கணினிப் பயிற்சி குறிவைப்பது இந்தத் திறன்களைத்தான். திரையில் படங்கள் தோன்றி மறையும். எது எங்கே இருந்தது என்று தொட்டுக் காட்டவேண்டும். சரியாகச் செய்தால் அடுத்தது கடினமாகும், பிழைத்தால் இலகுவாகும்.

அப்பாவுக்கு விடை தெரியும். ஆனால் நடுங்கும் விரல் திரையில் இரண்டு தரம் படும். பிழை என்று விழும். அதனால் அவர் வாயால் சொல்ல, நான் தொட்டேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொன்னேன். குளிசை வேலைசெய்யும் நேரத்தில் மட்டும் இருத்தினேன். படங்களை நினைவில் வைப்பதில் தேறிவிட்டார். குளிசை போட்டாயிற்றா என்ற குழப்பமோ அப்படியே இருந்தது.

ஆய்வுகளும் பெரிய நம்பிக்கை தரவில்லை. பாக்கின்சன் நோயோடு அறிவாற்றல் குறைந்தவர்களுக்கான பயிற்சிகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் அலசியது. கிடைத்தவை 7 ஆய்வுகள், 225 பேர் மட்டுமே. பொதுவான சிந்தனைத் திறன் கூடியதற்கு உறுதியான சான்று இல்லை. 'லுமோசிட்டி' என்ற மூளை விளையாட்டு நிறுவனம், மறதியைத் தடுக்கும் என்ற தோரணையில் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

டிமென்சியா என்ற மறதிநோயின் ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ளோருக்கு வேறொரு வழி உண்டு. பிரிட்டனில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சையைச் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் தமிழருக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறது. சிறு குழுவாக 14 அமர்வுகள். சாப்பாடு, காசு, சிறுவயது, நாட்டு நடப்பு என்று பேச்சு நடக்கும். திரை தேவையில்லை, மனிதர் வேண்டும்.

எங்கள் விறாந்தையில் இப்போது பின்னேரங்களில் அயலவர் கூடித் தாயம் போடுகிறார்கள். நோய் மாறாது, ஆனால் அப்பா வாய்திறந்து கதைக்கிறார். டெப்பையும் விரும்பினால் எடுப்பார்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், இப்படியான பயிற்சிக்குக் காசு கட்டுமுன் வைத்தியரைக் கேளுங்கள். குளிசையையும் நடைப்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். டெப்பைக் கொடுத்தால், பக்கத்தில் நீங்களும் இருங்கள்.