டவர் எட்டும் தூரம்

1997 ஜனவரி 14 காலை. கேரளத்தின் வடகரா கடற்கரையில் 11 மீனவர்கள், வாங்க ஆளில்லாமல் பிடித்து வந்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் காத்திருந்தார்கள். ஒரு போன் இருந்திருந்தால் போதும். இதைப் பதிவு செய்தவர் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன்.

அன்று வள்ளக்காரர் தன் ஊர்க் கரைக்கே திரும்புவார். வேறு கரைக்குப் போய்ப் பார்க்க மண்ணெண்ணெய் செலவு. அங்கும் விலை படுத்துக் கிடந்தால் என்ன செய்வது? மத்தி மீன் வெயில் தாங்காது. கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும்.

அந்த ஆண்டுதான் கோழிக்கோடு பக்கம் செல்போன் வந்தது. சில ஆண்டுகளில் கண்ணூர், காசர்கோடு கரைகளுக்கும் பரவியது. கடலோரத்திலேயே டவர்கள் நின்றதால் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை பேச முடிந்தது. மத்தி வள்ளங்கள் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் தொழில் செய்தன. பாடு முடிந்ததும் கடலில் இருந்தபடியே நாலு கரைக்குப் போன் போட்டு, எங்கே விலை நன்றாக இருக்கிறதோ அங்கே வள்ளத்தைத் திருப்பினார்கள். முன்பு பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. அது ஏறக்குறைய நின்றே போனது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. அதே நேரத்தில் மீன் வாங்கிச் சமைப்பவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. கேமராவோ இன்டர்நெட்டோ இல்லாத வெறும் பட்டன் போன் செய்த வேலை இது. செல்போனின் பயன் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இன்று மீனவர் கையில் இருப்பது ஸ்மார்ட்போன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறது. போனில் உள்ள ஜிபிஎஸ் நேரடியாகச் செயற்கைக்கோளிலிருந்து இடத்தை அறிவதால் அதற்கு டவர் வேண்டியதில்லை. பாக் நீரிணையில் எல்லைக் கோட்டை நெருங்கும்போது செயலி எச்சரிக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் போன் எவ்வளவு வளர்ந்தும் டவர் எட்டும் தூரம் பெரிதாக வளரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வேகமாக உருவெடுத்தபோது, தூத்தூர் வட்டாரத்துத் தங்குகடல் படகுகள் அந்த டவர் தூரத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தன. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். கரையிலிருந்து எத்தனை முறை போன் அடித்தாலும் அவர்களுக்குப் போய்ச் சேராது. அந்த நாட்களின் வேதனை இன்னும் அந்த ஊர்களில் ஆறவில்லை.

ஆழ்கடலுக்கு வேறு கருவி வேண்டும். படகுக்குப் படகு பேச வயர்லெஸ் செட் உதவும். அதற்கும் தூர வரம்பு உண்டு. சாட்டிலைட் போன் எங்கும் எடுக்கும், ஆனால் விலை அதிகம், அரசின் அனுமதியும் வேண்டும். சாதாரணப் படகுக்குப் பொருந்துவது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்தான். செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி, ப்ளூடூத் மூலம் மீனவரின் போனுக்குக் கொடுக்கிறது. ஆபத்து என்றால் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம். டவர் இல்லாத கடலிலும் சட்டைப்பையில் இருக்கும் போன் உயிர் காக்கும் கருவியாகிறது. ஒரு லட்சம் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

தங்குகடலுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டுப் பிள்ளை ஏறும் படகில் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லை என்றால், படகு கிளம்பும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.