கழிவுநீரில் கரையும் மருந்தும் கதிரவனின் ஒளியும்

ஊவா மலைகளில் ஊற்றெடுக்கும் மாணிக்க கங்கை, மொனராகலை மாவட்டத்தின் ஊடாகக் கதிர்காமத்தை அடைகின்றது. இன, மத பேதமின்றி யாத்திரிகர்கள் அதில் நீராடுகின்றனர். இம்மாவட்டத்தின் விவசாயிகளும் பெருந்தோட்ட மக்களும் ஆற்றையும் ஓடையையும் ஊற்றையும் நம்பியே வாழ்கின்றனர். அந்நீரில் கண்ணுக்குப் புலப்படாமல் மருந்தும் கலக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் உட்கொள்ளும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் யாவும் உடலிலேயே அழிந்துவிடுவதில்லை. சிப்ரோபுளொக்சசின் மாத்திரையில் 40 முதல் 50 வீதம் வரை மாற்றமின்றிச் சிறுநீருடன் வெளியேறுகின்றது. கொதிக்க வைப்பதால் நீரிலுள்ள கிருமிகள் மடியும், மருந்து அகன்றுவிடாது. நீரில் தங்கும் மருந்துக்குப் பழகிப்போன பற்றீரியாக்கள், பின்னர் அதே மருந்துக்குக் கட்டுப்பட மறுக்கின்றன. இத்தகைய எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இதன் உச்சத்தை இந்தியாவின் ஐதராபாத் நகருக்கு அண்மையிலுள்ள பட்டஞ்சேருவில் உலகம் கண்டது. ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தி நிலையங்களின் கழிவுநீரைப் பெறும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை சுவீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். ஒரு லீற்றரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததென 2007இல் அவர்கள் வெளியிட்டனர். மருந்து உட்கொண்ட நோயாளியின் குருதியில் காணப்படும் அளவையும் அது விஞ்சியிருந்தது. இத்தகைய கழிவுநீர் தொடர்பில் உலக சுகாதார ஸ்தாபனம் தனது முதலாவது வழிகாட்டலை வெளியிட்டது 2024 செப்டெம்பரிலேயே ஆகும்.

இதற்கு விஞ்ஞானம் காட்டும் வழிகளுள் ஒன்று ஒளியூக்கியாகும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்ணிறத் தூளின் ஆற்றலை ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் உலகறியச் செய்தனர். கழியூதாக் கதிர் படும்போது அத்தூளில் இலத்திரன்கள் இடம்பெயர்கின்றன. அதனால் நீரிலிருந்து தோன்றும் ஐதரொட்சைல் மூலிகங்கள் மருந்து மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைக்கின்றன. வினை முற்றுப்பெற்றால் காபனீரொட்சைட்டும் நீரும் எளிய உப்புகளுமே எஞ்சும். ஊக்கியோ செலவாவதில்லை.

எனினும் இதனை மந்திரக்கோலாகக் கருதலாகாது. சூரிய ஒளியில் கழியூதாக் கதிர் ஏறத்தாழ 5 வீதமே. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. ஏனைய அழுக்குகள் மூலிகங்களை வீணாக்கிவிடும். வினை அரைகுறையாக நின்றால் எஞ்சும் கூறுகளும் தீங்கிழைக்கக்கூடும். நுண்ணிய தூளை நீரிலிருந்து மீட்பதும் எளிதன்று. ஆகவே, வழமையான சுத்திகரிப்பின் பின்னர், இறுதிக் கட்டமாகவே இது பொருந்தும்.

இத்தூளின் மூலப்பொருளான இல்மனைற்று, நமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே உண்டு. அதைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்து வருகின்றோம். பதுளையில் 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிய வளத் தொழினுட்பம் கற்பிக்கப்படுகின்றது. ஊவாவின் வைத்தியசாலைக் கழிவுநீரில் இம்முறையைச் சிறிய அளவிலேனும் பரீட்சித்துப் பார்க்க, அரசாங்கம் அப்பல்கலைக்கழகத்திற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். வைத்தியரின் சிட்டையின்றி இம்மருந்துகளை வாங்காதிருப்போம். எஞ்சிய மாத்திரைகளை ஓடையிலோ மலசலகூடத்திலோ வீசாதிருப்போம். நீரில் கலந்த மருந்தைப் பிரிப்பதைவிட, கலக்காமல் காப்பதே எளிது.