மார்பைத் திறவாமல் ஒரு சிகிச்சை

இருதயத்தின் வலப்பக்க அறையில் இரத்தக்கட்டி தங்கிவிட்டால் மார்பைத் திறந்தே எடுக்கவேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். இன்று வேறு வழியும் உண்டு.

1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர், தம் கையிலுள்ள இரத்த நாளத்தின் வழியே மெல்லிய குழலொன்றைத் தம் இருதயம் வரை செலுத்திக் காட்டினார். 1956-இல் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்ட வழியிலேயே இன்று தொடை அல்லது கழுத்து நாளத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் பருமனுள்ள குழலைச் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுக்கின்றனர். உடன்வரும் இரத்தம் வடிகட்டப்பெற்று உடலுக்கே திரும்புகிறது. ஆயினும் நாட்பட்டு இறுகி ஒட்டிய கட்டிகள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. எனவே காலதாமதம் கூடாது.

இக்கட்டிகளிற் பல கால் நாளங்களில் தோன்றி மேலேறுவன. நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஊர் செல்ல நெடுநேரம் ரயிலில் அமர்ந்திருக்கும் நாம் இடையிடையே எழுந்து நடப்போமாக. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் பயணக் களைப்பென்று வாளாவிராமல் அன்றே மருத்துவரை அணுகுவோம். திடீரென மூச்சு முட்டினாலோ, ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைவோம்.