உங்களுக்குத் தெரியுமா? பெயர் தெரியாமல் விழுந்த வீரர்கள்

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்குப் போவதும், கிள்ளைத் தைக்கால் தர்காவில் முஸ்லிம்கள் அவருக்கு மாலை மரியாதை செய்வதும் நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வெள்ளாற்றைக் கடந்தால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் கும்பினிப் படையும் மோதியது அந்தப் பக்கத்தில்தான். கூட்டிடம் இருந்தவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், அவர்களில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். ஹைதரின் படை அதைப்போலப் பல மடங்கு. அன்று மாலைக்குள் மணலில் விழுந்து கிடந்தவர்கள், எந்தக் கொடியின் கீழ் நின்றிருந்தாலும், பெரும்பாலும் தென்னாட்டுக்காரர்களே. தளபதிகள் இருவர் பெயரும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கின்றன. விழுந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குச் சொல்லித் தரப்படவில்லை.

அயர் கூட் 1783-இல் சென்னையில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவருக்குப் பெரிய பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்தது. அதில் ஓர் இந்திய உருவமும் உண்டு. கைதியின் உருவம். கூட்டின் பக்கம் நின்று துப்பாக்கி பிடித்த சிப்பாய்க்கு அதில் இடமில்லை.

அதே தேவாலயத்தின் தரையில்தான் உலகப் புகழ்பெற்ற ‘பெயர் தெரியாத வீரர்’ கல்லறையும் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1916-இல் பிரான்சில் ஆர்மான்டியேர் என்ற ஊருக்கு அருகே, ஒரு வீட்டுத் தோட்டத்து மரச்சிலுவையில் பெயர் தெரியாத பிரிட்டிஷ் வீரர் என்று பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தார் டேவிட் ரெயில்டன் என்ற பாதிரியார். சண்டை முடிந்தபின் அவர் எழுதிக் கேட்டதன் பலன்தான் அந்தக் கல்லறை. களங்களிலிருந்து அடையாளம் தெரியாத சில உடல்களைக் கொண்டுவந்து, கொடி போர்த்திக் கிடத்தி, எது எந்தக் களத்திலிருந்து வந்தது என்று அறியாத ஒரு தளபதியைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1920 நவம்பர் 11 அன்று அரசர் முன்னிலையில் அடக்கம். குழியை நிரப்பிய மண்ணும் பிரான்சிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. அதே நாளில் பாரிசிலும் இன்னொரு பெயர் தெரியாத வீரரின் உடலை வெற்றி வளைவுக்குக் கொண்டுவந்தார்கள்; 1921 ஜனவரியில் அதன் கீழ் அடக்கம் செய்தார்கள்.

பெயர் பொறிக்க முடியாத கல்லறைகளுக்கு, இவர் யார் என்பது கடவுளுக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான் 1915-இல் லூஸ் சண்டையில் காணாமல் போனார். தகப்பன் சாகும்வரை மகன் உடல் அடையாளம் காணப்படவில்லை. அந்தப் போரில் இறந்த இந்து வீரர்களின் கல்லறைக் கற்களில் ‘ஓம் பகவதே நம’ என்று தேவநாகரியில் பொறித்தார்கள்.

இதெல்லாம் 1920-இல் ஐரோப்பாவுக்குப் புதிது. நமக்குப் பழசு. விழுந்தவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாக வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதுவரை அத்தனையும் ஊர் கூடிச் செய்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் கி.மு. காலத்தவை. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரையே சொல்கிறது. அவன் மன்னன் இல்லை. மாடுகளுக்காக நடந்த ஊர்ச்சண்டையில் செத்தவன்.

கூட நின்று சண்டை போட்ட தோழனுக்கும் கல்லில் இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தொறு, அதாவது மாட்டுமந்தை, மீட்கும் சண்டையில் இறந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். எசமான் விழுந்தபின்னும் விலகாமல், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் அழியவில்லை. 1781-இல் பரங்கிப்பேட்டையில் செத்த மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியவில்லை என்பதை இந்தக் கல்லோடு சேர்த்துவைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் கோயில்களுக்குப் போயிருக்கிறீர்களா? பல கோயில்களில் உள்ளே சாமியாக நிற்பது நடுகல்தான். கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகூடத் தெரியும். மேலே வட்டெழுத்தில் பெயரும் ஊரும் இருக்கும். கும்பிடுகிறவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எந்த அரசன் காலம், யாரோடு சண்டை, எதுவும் தெரியாது. ஆனாலும் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைக்கு வேடியப்பன் என்று பெயர் வைக்கிறார்கள். பெயர் தெரியாத போர்வீரனுக்கு உலகில் எந்த அரசாங்கமும் இத்தனை நூற்றாண்டு இடைவிடாமல் மரியாதை செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கல் நட்டதோடு முன்னோர்கள் நிற்கவில்லை. போரில் இறந்தவன் குடும்பத்துக்கு மானிய நிலமும் விட்டார்கள்; அதற்குக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று பெயர்.

செஞ்சி தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்த இளைஞன். அவனோடு சண்டையில் விழுந்த தோழன் மகமத்கான், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து களத்துக்கு வந்தான் என்கிறது கதைப்பாட்டு. தோழனும் குதிரை நீலவேணியும் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். சண்டை முடிந்ததும் சென்னை மாகாணத்து ஊர்களில் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் பதித்தார்கள். பழைய சாவடிச் சுவரிலோ, பள்ளிக்கூட முகப்பிலோ இன்றும் சில ஊர்களில் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண் மட்டும்தான், பெயர் இருக்காது. அதை வெட்டிய நாளில் ஊரில் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். அம்மா இருந்திருப்பாள், பெண்டாட்டி இருந்திருப்பாள். கேட்டு எழுத ஒரு பகல்பொழுது போதுமே!

இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,500-க்கு மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற சிப்பாய்களுக்கு, இன்ன ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. குண்டு விழுந்து உடல் சிதறி அடையாளம் போவது ஒரு விதம். மேசைக்கு முன் உட்கார்ந்து, இவர்களுக்குப் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்வது வேறு விதம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ, அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றது அறிக்கை.

பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 1927-இல் திறந்த நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கு மேற்பட்ட இந்திய வீரர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். அதாவது செய்ய நினைத்த இடத்தில் செய்ய முடிந்திருக்கிறது.

சென்னை நந்தம்பாக்கத்தில் மவுண்ட் - பூந்தமல்லி சாலையோரம் பச்சைப் புல்வெளியும் வெள்ளைக் கற்களுமாக ஓர் இடம் உண்டு. மெட்ராஸ் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போர் வீரர்கள் 857 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பராமரிக்க முடியாத வேறு கல்லறைத் தோட்டங்களில் கிடக்கும் முதல் போர்க்காலத்தவர் 1,000-க்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நாகாலாந்தின் கோஹிமா போர்க் கல்லறையை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். அங்கேயே, எரியூட்டப்பட்டதால் கல்லறை இல்லாத 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நேதாஜியும் பெயர் தெரியாத வீரனுக்கு ஒரு சின்னம் எழுப்பினார். 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் எஸ்பிளனேட் கடற்கரையில் அடிக்கல் நாட்டினார். இம்பால் களத்திலும் பர்மாக் காடுகளிலும் மாண்ட இந்திய தேசிய ராணுவத்தினருக்காக அது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பால்வாளியை வைத்துவிட்டுப் போன தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். கர்னல் சிரில் ஸ்டிரேசி மேற்பார்வையில் வேகவேகமாகக் கட்டி முடித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று மூன்று சொற்களை உருதுவில் பொறித்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. மவுன்ட்பேட்டன் கட்டளைப்படி சின்னத்தைத் தகர்த்தது. இறந்துபோனவர்களின் நினைவைக்கூட விட்டுவைக்கவில்லை என்பது இன்றைக்கும் ஆறாத வருத்தம். 1995-இல் சிங்கப்பூர் அரசின் மரபுடைமை வாரியம் அதே இடத்தில் அடையாளக் கல் வைத்தது. மணிப்பூரின் மொய்ராங்கில் அந்தச் சின்னத்தின் மறுவடிவம் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒழுங்கான கல்லறைத் தோட்டம் உண்டு, தலைமாட்டில் கல் உண்டு. அதே பாதையில் காலராவிலும் பட்டினியிலும் செத்த மலாயாத் தோட்டத் தமிழர்கள் சிப்பாய்கள் இல்லை, கூலியாட்கள். அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் குழியில் தள்ளி மூடினார்கள். அண்மை ஆண்டுகளில்தான் தமிழர்கள் முயன்று காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் நட்டார்கள். தொல்காப்பியக் காலத்து வழக்கம் தாய்லாந்து மண்ணில் தொடர்கிறது.

டெல்லி இந்தியா கேட்டின் கீழ் 2022 வரை தலைகீழாக நட்ட துப்பாக்கி, அதன்மேல் இரும்புத் தொப்பி, சுற்றிலும் அணையா விளக்கு இருந்தன. 1971 போருக்குப்பின் அமைத்து, 1972 ஜனவரி 26 அன்று இந்திரா காந்தி திறந்துவைத்த அமர் ஜவான் ஜோதி அது. அந்தத் தொப்பிக்கு உரியவர் யார் என்று பெயர் கிடையாது. 2022 ஜனவரி 21 அன்று அந்தச் சுடரைப் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு சேர்த்தார்கள். 2019-இல் திறந்த அந்த நினைவகத்தில் அன்றே 25,942 பெயர்கள் கருங்கல் பலகைகளில் இருந்தன. சக்கர வியூகம்போல் வட்டம் வட்டமாக அதை வடிவமைத்தது சென்னை நிறுவனமான வீபீ டிசைன் லேப்.

திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் பட்டாலிக் மலையில் விழுந்தார். குண்டுமழை நிற்காத மலைச்சரிவு. அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பீகார் ரெஜிமென்ட் தோழர்கள் அவரை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. திருச்சி கண்டோன்மென்ட் பகுதியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சியாச்சினில் 1984-இல் பனிச்சரிவில் புதைந்த குமாவோன் ரெஜிமென்ட் வீரர் ஒருவர் 2022 ஆகஸ்டில் கிடைத்தார். 38 ஆண்டுகள் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தது ராணுவ எண் பொறித்த ஒரு சின்ன உலோக வில்லை. 1968 பிப்ரவரி 7 அன்று ரோதங் அருகே 102 பேரோடு காணாமல்போன விமானப்படை விமானத்திலிருந்து 2024-இல்கூட உடல்களை மீட்டார்கள். தேடப் போனவர்களில் பலர் அந்த விமானம் விழுந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஆர்லிங்டனில் வியட்நாம் போரின் பெயர் தெரியாத வீரர் என்று 1984-இல் அடக்கம் செய்தவரை, 1998-இல் மரபணுச் சோதனை விமானி மைக்கேல் பிளாசி என்று அடையாளம் காட்டியது. குடும்பத்தார் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறையை அதன்பின் காலியாகவே விட்டிருக்கிறார்கள்.

2014-இல் லண்டன் கோபுரத்தின் அகழி முழுக்கச் சிவப்புப் பீங்கான் பூக்களை நட்டார்கள். மொத்தம் 8,88,246 பூக்கள், முதல் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. களிமண்ணைப் பிசைந்து, இதழ் இதழாகக் கையால் மடித்து, சூளையில் சுட்டவை. இந்த வேலையின் அருமை விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கொலு பொம்மையும் அகல்விளக்கும் பீஸ் கட்டையும் சுட்டெடுக்கும் நம் சூளைகளால் இதையும் செய்ய முடியும். நம் கடலூர் மாவட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்கு ஆளுக்கொரு பீங்கான் வில்லை, அதில் தமிழில் பெயர் என்று யாராவது தொடங்கினால் நன்றாக இருக்கும்.

பெயர்களுக்கு எங்கே போவது? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பர்மாவில் தௌக்கியான் நினைவகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். இரண்டாம் போர்க்காலப் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் உண்டு. கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது, அது 1993-இல் பிரிந்து உருவானது. தென்னாற்காடு என்பதற்கு அன்று எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பழைய பட்டாளத்துப் பென்ஷன் புத்தகமோ, மெடலோ இருந்தால் புத்தகத்திலோ மெடலின் விளிம்பிலோ ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு தேடுங்கள்.