தொலைக்காட்சியும் வீட்டு இணையமும்: தடை எங்கே?

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அக்காலத்தில் படம் தெளியவில்லை என்றால் ஒருவர் கூரையேறி ஏரியலைத் திருப்புவார்; கீழிருந்து மற்றவர் “தெரியுது, தெரியுது” என்று குரல் கொடுப்பார். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்று பல வீடுகளில் படம் இணையத்தின் வழி வருகிறது. ஆனாலும் நாடகம் பாதியில் நின்று வட்டம் சுழல்கிறது. உடனே அதிக வேகமுள்ள திட்டத்திற்கு மாறலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது. மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன், தடை எங்கே என்று பார்ப்பது நல்லது.

முழு எச்.டி. படத்திற்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேகம் போதும். 4கே படத்திற்கு 15 முதல் 25 மெகாபிட் தேவைப்படும். எனவே, 100 மெகாபிட் திட்டம் உள்ள வீட்டில் ஒரு தொலைக்காட்சிக்கு வேகம் போதாமல் போவது அரிது. பெரும்பாலும் ரௌட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடைப்பட்ட சில மீட்டரில்தான் சிக்கல் இருக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. கைப்பேசியை வை-ஃபையில் இணைத்து, முதலில் ரௌட்டரின் அருகிலும் பிறகு தொலைக்காட்சியின் அருகிலும் வேகத்தை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்யலாம். தொலைக்காட்சியின் அருகில் மட்டும் குறைவு என்றால் காரணம் வீட்டுச் சுவராக இருக்கலாம்.

வை-ஃபையில் இரண்டு அலைவரிசைகள் பரவலாகப் பயன்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். செங்கல் சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் வேகம் குறைவு; மைக்ரோவேவ் அடுப்பும் அதற்கு இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர்களைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். ஒரே அறையில் இருந்தால் 5, சுவர்கள் குறுக்கிட்டால் 2.4 என்று தேர்ந்தெடுக்கலாம். ரௌட்டரை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல் உயரமான, திறந்த இடத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

எல்லாவற்றிலும் உறுதியான வழி கம்பி இணைப்பு. ரௌட்டரின் பின்புறத் துளையிலிருந்து தொலைக்காட்சியின் ‘லேன்’ துளைக்கு ஓர் ஈத்தர்நெட் கம்பியை இழுத்தால் போதும். சில பத்து ரிங்கிட்டில் கிடைக்கும் இக்கம்பி 100 மீட்டர் வரை பயன்படும். பல தொலைக்காட்சிகளின் லேன் துளை 100 மெகாபிட் வேகத்தைத்தான் ஏற்கும். 4கே படத்திற்கு அதுவே தாராளம்.

பழைய தொலைக்காட்சியைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை. அதில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், இணையத்தோடு இணையும் சிறிய பெட்டியொன்றைச் செருகிக்கொள்ளலாம்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது இச்சோதனையைச் செய்து பாருங்கள். செய்வதோடு நில்லாமல், ஏன் அப்படிச் செய்தோம் என்பதைப் பெற்றோருக்குத் தமிழிலேயே விளக்குங்கள். அடுத்த முறை வட்டம் சுழலும்போது அவர்கள் நம் வரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேவையற்ற திட்டத்திற்குக் கையெழுத்துப் போடவும் வேண்டியதில்லை.