மிரட்டியவன் சட்டைப் பையிலும் கோர்ட்டு கை வைக்கும்!
ஜெயில் மட்டுமல்ல, நஷ்டஈடும் கேட்கலாம்

திருவண்ணாமலை,-

தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில் உள்ளது முத்துமாரியம்மன் கோவில். அறநிலையத்துறைக் கோவில்தான். ஆனாலும் சுமார் 80 ஆண்டுகளாக ஆதிதிராவிட மக்கள் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

2023 ஜனவரி 30-ந் தேதி கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் உடன் வர, பலத்த போலீஸ் காவலுடன் அவர்கள் உள்ளே போய்ப் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டார்கள். கோவில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947-ல்!

அன்றைக்குப் போலீஸ் இருந்தது. மறுநாள்?

இப்படி உரிமை கேட்கும் எந்த ஊரிலும் அடுத்த பயம் இதுதான். கடையில் சாமான் தரமாட்டான். வயலில் வேலை கிடையாது. இருட்டிய பிறகு வழிமறித்து மிரட்டுவான்.

"போலீசுக்குப் போனா மட்டும் என்னாவும்? நாலு நாள் உள்ளே இருப்பான், ஜாமீன்ல வந்து மறுபடி முறைப்பான்" என்பது டீக்கடைப் பேச்சு. அது பாதிதான் உண்மை.

வழக்கு முடியும் முன்பே பணம்

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, கடையிலும் வேலையிலும் ஒதுக்கி வைப்பதே குற்றம். பாதிக்கப்பட்டவர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராக இருந்து, எதிரி இந்த இரண்டு பிரிவையும் சேராதவனாக இருந்தால் இந்தச் சட்டம் பாயும்.

அரசு நிவாரணமும் உண்டு. குறைந்தது ரூ.1 லட்சம், அதிகபட்சம் ரூ.12 லட்சம் என்று 2021-ல் தமிழக அரசு உயர்த்தியது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பல குற்றங்களுக்கு எப்.ஐ.ஆர். போட்டதுமே ஒரு பங்கு கிடைக்க வேண்டும். கேட்டு வாங்காதவர்கள்தான் அதிகம்!

முன்சீப் கோர்ட்டு போடும் கடிவாளம்

இது தவிர சிவில் வழக்கும் போடலாம். "பாதையை மறிக்காதே, வீட்டுப் பக்கம் வந்து மிரட்டாதே" என்று தடை உத்தரவு கேட்கலாம்.

சிவில் கேஸ் என்றாலே பேரன் காலத்தில்தான் தீர்ப்பு என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் இடைக்காலத் தடையை அவசரம் என்றால் உடனே கேட்கலாம். மீறினால் சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை.

அடித்தவன், குடிசையைக் கொளுத்தியவன் மீது நஷ்டஈடு வழக்கும் தனியாகப் போடலாம். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் கோர்ட்டில் அவ்வளவு வேண்டாம். எந்தப் பக்கம் நியாயம் கூடுதல் என்று தெரிந்தால் போதும்.

வாச்சாத்தியில் நடந்தது

பக்கத்து தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தன மரச் சோதனை என்று நுழைந்த அதிகாரிகள் மலைவாழ் மக்கள் மீது வெறியாட்டம் ஆடினார்கள். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டனர்.

அந்த கிரிமினல் வழக்கின் அப்பீலில் 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு, அந்தப் பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க உத்தரவிட்டது. 31 வருடம் கழித்து!

சீமையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1981-ல் மைக்கேல் டொனால்டு என்ற 19 வயது கறுப்பின இளைஞரை கூ க்ளக்ஸ் கிளான் வெறியர்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். கொலை வழக்கோடு தாய் நிற்கவில்லை. கிளான் சங்கத்தின் மீதே சிவில் வழக்குப் போட்டார். 1987-ல் தீர்ப்பு: 70 லட்சம் டாலர் நஷ்டஈடு! சங்கத்திடம் அவ்வளவு பணம் ஏது? தலைமையகக் கட்டிடமே அந்தத் தாய் கைக்கு வந்தது.

வக்கீல் பீஸ்?

ஆதிதிராவிடர், பழங்குடியினர், எந்தச் சாதிப் பெண்ணாக இருந்தாலும் சரி, வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டுக் கட்டணமும் சேர்த்துத்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். போன் 15100. புகார் கொடுத்தால் எப்.ஐ.ஆர். நகலை மறக்காமல் வாங்குங்கள். அதற்குக் காசு கிடையாது.