விழியிழந்தோர் பாய்த்தோணி ஓட்டப் பழகும் முறை

பாய் விரித்துத் தோணி செலுத்துவதற்குக் கண்ணே முதற்கருவி என்று கரையில் நிற்போர் கருதுகின்றனர். சுக்கான் பிடித்தவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. பாயை இயக்கும் காற்றை எவரும் கண்ணாற் கண்டதில்லை அன்றோ? கிளை அசைவதையும் நீரின்மேற் கருமை படர்வதையும் கொண்டு கண் அதனை உய்த்துணர்கிறது. நேரே அறிவன மெய்யும் செவியுமே. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கினதைத் தென்றல் என்றும், கிழக்கினதைக் கொண்டல் என்றும், மேற்கினதைக் கோடை என்றும் தமிழர் பிரித்தறிந்தது தோலிற் பட்ட குளிரையும் வெம்மையையும் கொண்டுதான் போலும்.

முதற்பாடம் கரையிலேயே நடைபெறுகிறது. மாணவர் தோணியை முனையிலிருந்து கடைசிவரை விரல்களால் தடவி, பாய்மரம், பாயின் அடிக்கட்டை, கயிறுகள் ஆகியவற்றின் இடங்களை மனத்திற் பதித்துக் கொள்கிறார். கயிறு எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப்பட வேண்டும். உடன் செல்லும் பார்வையுள்ளோர் இவ்விதியை மறப்பதுதான் பெருந்தொல்லை. “அங்கே பார்”, “இந்தப் பக்கம் இழு” என்பனவும் பயனற்ற சொற்கள். கடிகார முகத்தைக் கொண்டே திசை சொல்லப்படுகிறது: தோணியின் முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி, பின்புறம் 6 மணி. “இரண்டு மணியில் மிதவை” என்றால் போதும். சுட்டுச் சொற்களை நம்பியே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒருமுறை இத்தகைய தோணியில் ஏறிப் பார்ப்பது நன்று.

காற்றின் திசையறிய, முகத்தை மெல்லத் திருப்பி, இரு காதுகளிலும் அதன் ஒலி சமமாகும் இடத்தைத் தேடுவர். காற்றுக்கு எதிராகச் சாய்வாய்ச் செல்லுகையில், முனை காற்றின் பக்கம் மிகுதியாகத் திரும்பினால் பாயின் முன்விளிம்பு படபடக்கும், தோணி நிமிரும், அடியில் ஓடும் நீரின் சலசலப்பு ஓயும். மிகுதியாக விலகினாலோ தோணி சாய்ந்து, சுக்கான்பிடி கையை இழுக்கும். இவ்விரு பிழைகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியைச் செவியும் உள்ளங்கையும் சேர்ந்து கண்டுகொள்கின்றன.

காற்று பின்னிருந்து வரும்போதுதான் கடினம். தோணியும் காற்றோடு ஓடுவதால் மேனியிற் படும் காற்று குறைகிறது. பாயும் ஓசையடங்கி நிற்கிறது. சற்றே திசை தவறினால் அடிக்கட்டை ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு வீசியடிக்கும். தலையிற் பட்டால் உயிருக்கே கேடு. பார்வையுள்ளோரும் அஞ்சும் இடம் இது.

ஜப்பானியரான மிட்சுஹிரோ இவமோட்டோ 16 வயதில் பார்வையை முற்றும் இழந்தவர். பசிபிக் பெருங்கடலைக் கடக்கக் கருதி, 2013-இல் செய்தி அறிவிப்பாளர் ஒருவருடன் ஜப்பானின் ஒனஹாமாவிலிருந்து புறப்பட்டார். சில நாள்களில் தோணி திமிங்கிலத்தோடு மோதி மூழ்கியதாகச் சொல்லப்படுகிறது. மிதவைப் படகில் ஏறித் தப்பிய இருவரையும் ஜப்பானியத் தற்காப்புப் படையின் நீர்வானூர்தி மீட்டது. இத்தகைய விபத்தில் பழியைப் பார்வையின்மைமேற் போடுவது எளிது, ஆனால் பொருந்தாது. கண்ணுள்ளவரும் அத்தோணியில் இருந்தாரே! 2019 பிப்ரவரி 24-இல் சான் டியாகோவிலிருந்து, டக் ஸ்மித் என்பாருடன், 12 மீட்டர் தோணியில் மீண்டும் புறப்பட்டார் இவமோட்டோ. காற்றின் திசையையும் இடையூறுகளையும் ஸ்மித் வாயாற் சொல்ல, தோணியைச் செலுத்தியவர் இவமோட்டோ. எங்கும் கரை தொடாமல் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் கடந்து, ஏப்ரல் 20-இல் அதே ஒனஹாமாவை அடைந்தனர்.

துணைவர் குரலும் இன்றி ஓட்டும் முறை ஒன்று உண்டு. இத்தாலியின் கார்டா ஏரியில் ‘ஹோமரஸ்’ என்னும் சங்கம் அதனைப் பழக்கி வந்திருக்கிறது. கண்ணில்லாப் புலவர் என மரபு கூறும் ஹோமரின் பெயரே அதற்கு இடப்பட்டது. போட்டியிடும் இரு தோணிகளிலும் பார்வையுள்ளோர் இல்லை. எல்லை காட்டும் மிதவைகள் ஒலியெழுப்புகின்றன. காற்று வலப்பக்கமிருந்து படும் தோணிக்கு மற்றது வழிவிட வேண்டும் என்பது கடல் விதி. ஆதலின், காற்று எப்பக்கம் படுகிறதோ அதற்கேற்பத் தோணிகளும் வெவ்வேறு ஒலி எழுப்புகின்றன. அதனைக் கேட்டே எதிரி விலகுகிறார்.